நெருப்பு சுடாத கால்

குளிர்தான் எங்களைக் கெடுத்துவிட்டது என்று ஊரிலிருந்து பேசுகிறவர்களிடம் சொல்லிவருகிறேன். சொல்ல அது எளிது. அவர்களும் "இந்த வயசுல அந்தக் குளிர்ல போய் ஏன் கிடக்கணும்" என்று இரண்டு வார்த்தை அங்கலாய்த்துவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறையை மறைக்கிற பிள்ளைக்கு ஒருநாளும் முழு மதிப்பெண் போட்டதில்லை. என் தாளுக்கு மட்டும் எப்படிப் போட்டுக்கொள்வேன்? அதனால் வழிமுறையை எழுதுகிறேன். சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிற வீட்டில் யாருக்காவது உபயோகப்பட்டால் சரி.

என் கணவர் ஞானமுத்து தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எழுபத்தொன்று, எனக்கு அறுபத்தெட்டு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். பெங்களூரில் மகன் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கலாம். அவருக்கோ வாலிபத்திலிருந்தே ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஓய்வுபெற்ற தம்பதிகளை இரண்டு வருஷத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு மிஷன் சங்கத்தில் எழுதிக்கொடுத்தோம். இலங்கையில் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சின்ன ஆலயத்துக்கு அனுப்பினார்கள். வெளிநாடு என்றதும் என் தங்கை விமானத்தையும் கோட்டையும் நினைத்துப் பொறாமைப்பட்டாள். வந்து பார்த்திருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

எங்கள் நாள் இப்படிப் போகும். ஐந்து மணிக்கு எழுந்து ஜெபம். பிறகு நனைந்த விறகோடு மல்லுக்கட்டி வெந்நீர். அவருக்கு மாத்திரை, எனக்கு மூட்டுக்குத் தைலம். பகலில் நான் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். அவர் பிரசங்கக் குறிப்பு எழுதுகிறேன் என்று தூங்குவார். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்பும் மாலையில் லயத்துக்குப் போவோம். லயம் என்றால் தொழிலாளர்களின் நீண்ட வரிசை வீடு. எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, அதாவது பன்னிரண்டு குடும்பம். புதன்கிழமை ஆஸ்பத்திரி. ஒவ்வொரு கட்டிலாகப் போய் ஜெபித்து, "பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வருவோம். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போமோ தெரியாது.

லயத்துக்குப் போகும்போது செருப்பைப் பற்றி எங்களுக்குள் தினமும் சண்டை. முதல் வாசலில் ஷூவைக் கழற்றினால், பன்னிரண்டாவது காம்பரா முடித்துத் திரும்பி வந்துதான் மாட்டுவார். நடுவில் ஈரச் சிமெண்டு, சாக்கடை, கோழி எல்லாவற்றையும் வெறுங்காலோடு தாண்டுவார். "பன்னெண்டு வாசல்ல பன்னெண்டு தடவ குனிஞ்சு ஷூ லேசு கட்டினா, ஜெபம் பண்ண எனக்கு மூச்சு இருக்குமாட்டி?" என்பார். ஊரில் எங்கள் டாக்டர் என்னிடம்தான் சொல்லி அனுப்பியிருந்தார். ரொம்ப நாள் சர்க்கரை இருந்தால் பாதத்து நரம்பு செத்துப்போகும், முள் குத்தினாலும் தெரியாது, அதற்கு நியூரோபதி என்று பெயர். தினமும் படுக்குமுன் உள்ளங்காலை நான் பார்க்க வேண்டும். முதல் வருஷம் பார்த்தேன். பிறகு குளிருக்கு இரண்டு ஜோடி காலுறை மாட்டிக்கொண்டு படுக்க ஆரம்பித்தார். அதைக் கழற்றி, பார்த்து, மறுபடி மாட்டுவதற்குள் இரண்டு பேருக்கும் பல் கிட்டிக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட நாட்கள்தான் அதிகம்.

தை மாதத்து ஒரு வியாழக்கிழமை. பன்னிரண்டாவது காம்பராவில் முருகையாவும் அவர் மனைவி சரோஜாவும் இருக்கிறார்கள். முருகையா தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வருஷா வருஷம் தீ மிதிக்கிறவர். "நீங்க எப்ப வேணா வாங்கம்மா. எங்களத்தான் உங்க கோயிலுக்குக் கூப்பிடாதீங்க" என்று முதல் நாளே நேராகச் சொன்ன மனிதர். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். அன்று மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு போனோம்.

"ஐயா காலு வெறச்சுப் போயிருக்கே. இப்படி அடுப்புகிட்ட உக்காருங்க" என்று சரோஜா பலகை போட்டாள்.

அவர் உட்கார்ந்து காலை நீட்டினார். தேத்தண்ணீர் குடித்தோம். அவர்கள் மகளுக்குப் பரீட்சை என்றதால் ஜெபித்தார். அவர் ஜெபம் எப்போதும் நீளம். அன்று பரீட்சையில் ஆரம்பித்துத் தோட்டம், நாடு, உலகம் எல்லாவற்றையும் சுற்றி வந்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். "ஆமென்" என்றதும் சரோஜா பதறினாள்.

"ஐயா, காலு அடுப்புக் கல்லு மேல இருக்கு."

அவர் சாவகாசமாகக் காலை எடுத்தார். "அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா" என்று சிரித்தார்.

முருகையா குனிந்து உள்ளங்காலைப் பார்த்தார். சிவந்து, ஓரத்துக் காய்ப்பு லேசாகக் கருகியிருந்தது, அவ்வளவுதான். "வெரதம் இருந்து மிதிக்கிற எனக்கே சில வருஷம் கொப்பளம் போடும். ஐயா கொதிக்கிற கல்லுல வச்சுக்கிட்டு ஜெபம் பண்ணியிருக்காரு" என்று சொல்லி, அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

என் கணவருக்குக் காலில் உணர்ச்சி கிடையாது என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நாற்பத்து நான்கு வருஷம் கூட வாழ்ந்தால் பார்வையிலேயே பேசி முடித்துவிடலாம். நான் வாயை மூடிக்கொண்டேன். திரும்பும் வழியில் அவர் கேட்டார்: "நாம பொய் ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்லல" என்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மருந்து தடவித் துணி சுற்றி, காலுறையை மாட்டிவிட்டேன். மறுநாள் பார்க்கவில்லை. அதற்கு மறுநாளும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அந்த நினைப்பே இல்லை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயம் நிறைந்துபோனது. ஒன்றரை வருஷமாக ஒரு கை விரலுக்குள் அடங்குகிற குடும்பங்களோடு ஓட்டிக்கொண்டிருந்தோம். அடுப்புக் கல் கதை லயம் முழுக்கப் பரவி, அன்று முருகையா குடும்பத்தோடு சேர்த்து ஏழு புதுக் குடும்பம். உட்கார இடமில்லாமல், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலிருந்து பாய் வாங்கி வந்து விரித்தேன். அவர் எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை விட்டுவிட்டு நெருப்பைப் பற்றிப் பேசினார். தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசத் தேவையும் இல்லை. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் காலில் நின்றார். எனக்கு மனசு நிறைந்திருந்தது. அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மாலை அவருக்கு நடுக்கம் கண்டது. குளிர்க் காய்ச்சல் என்று கஞ்சி வைத்துக் கொடுத்தேன். புதன்கிழமை காலையில் பேச்சு குழறியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் நின்ற சிற்றூழியர் எங்களைப் பார்த்துவிட்டு, "என்னா ஐயா, இன்னிக்கி வெரசாவே ஜெபத்துக்கு வந்துட்டீங்க" என்றார்.

மிஸிதான் காலுறையைக் கழற்றினார். இங்கே நர்ஸை மிஸி என்பார்கள். வாடை முதலில் வந்தது. உள்ளங்காலில் என் உள்ளங்கை அளவுக்குத் தோல் கறுத்துக் கழன்று, சுண்டு விரல்வரை நீலம் ஓடியிருந்தது. மிஸி என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டிருக்கலாம். புரியாமல் போனதற்காக அந்த ஒரு நிமிஷம் நன்றி சொன்னேன்.

பிறகு பரிசோதனைகள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். கருவியில் எண் வரவில்லை, அளவைத் தாண்டிவிட்டது என்று காட்டியது. கிருமி எலும்புவரை போயிருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே. பாதத்துக்கு ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க டாப்ளர். கணுக்காலில் பேனா மாதிரி ஒன்றை வைத்தால் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். இடது காலில் பலமாகக் கேட்டது. சுட்ட வலது காலில் டாக்டர் கருவியை நகர்த்தி நகர்த்தி வைத்தார். கேட்டதா இல்லையா என்று நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் செத்த சதையைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்தார்கள். டிப்ரைட்மெண்ட் என்று பெயர். பெயர் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். அந்த இரண்டு நாளும் நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். ஆண்கள் வார்டு. பார்வை நேரம் மதியம் ஒரு தடவை, மாலை ஐந்துக்கு ஒரு தடவை. மற்ற நேரம் பெண்பிள்ளை உள்ளே நிற்கக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியாதலால் பில் என்று ஒரு காகிதமும் வரவில்லை. வந்திருந்தால் அதைக் கட்டவாவது ஓடியிருப்பேன். கைக்கும் காலுக்கும் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் அடுப்புக் கல் வந்து நின்றது.

துணைக்கு ஆண் ஒருவர் வேண்டும் என்றதும் லயத்து ஆண்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். முதல் ஆள் முருகையா. இரவு முழுக்க அவரோடு இருந்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போக முடியாது, அன்றைய கூலி போய்விடும். நான் அதைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது, "அம்மா, அந்தப் பேச்ச விடுங்க. ரொட்டி தின்னீங்களா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மதியம் டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். இளவயதுக்காரர், பொறுமையாக ஆங்கிலத்தில் பேசினார். கிருமி மேலே ஏறுகிறது, ரத்தத்திலும் கலந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டால் உயிரைக் காப்பாற்றலாம். நாளைக் காலை வரைதான் நேரம்.

"மூணு நாள் குடுங்க. நான் ஜெபம் பண்ணிப் பாக்கேன்" என்றார் என் கணவர்.

டாக்டர் கோபப்படவில்லை. "ஐயா, மூன்று நாள் என்னிடம் இல்லை" என்று சொல்லிவிட்டுச் சம்மதத் தாளைக் கட்டில் பக்கத்து மேசையில் வைத்தார். நான் போடட்டுமா என்று கேட்டேன். நினைவோடு இருக்கிறவரை அவர் கையெழுத்துதான் செல்லும் என்றார்.

டாக்டர் போனதும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "உங்களுக்கு என்ன பைத்தியமா? எத்தன பேர ஆப்பரேஷனுக்குத் தைரியம் சொல்லி அனுப்பியிருக்கீங்க இதே வார்டுல?"

"எட்டி, ஏழு குடும்பம். இப்பத்தான் உள்ள வந்திருக்காங்க. நெருப்பு சுடாத காலுன்னு நம்பித்தான் வந்தாங்க. அதையே வெட்டி எடுத்துட்டா அவங்க எந்த நம்பிக்கையில வருவாங்க?"

"காலு போனா போகுது. நீங்க போயிட்டா நான் யாரோட ஊருக்குப் போவேன்?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மகனைப் போனில் பிடித்தேன். "எப்படியாவது கையெழுத்துப் போட வைங்கம்மா" என்று அவன் அங்கே அழுதான். போனை நீட்டினேன், வாங்கவில்லை. பார்வை நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து மணிவரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

ஐந்து மணிக்கு முருகையாவும் சரோஜாவும் என்னோடு உள்ளே வந்தார்கள். சரோஜா முந்தானையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். மாரியம்மன் கோயில் திருநீறு. "தலகாணிக்குக் கீழ வைக்கலாமாம்மா?" என்று பயந்து பயந்து கேட்டாள்.

"வைம்மா" என்றேன். எங்கள் சங்கத்தில் யாராவது இதைப் படித்தால் படிக்கட்டும்.

முருகையா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஐயா, வெட்ட மட்டும் விடாதீங்க. லயத்துல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நெருப்பத் தாங்குன காலு. மூணே நாள்ல எந்திரிச்சு நடப்பீங்க."

என் கணவருக்கு வேண்டியிருந்த பேச்சு அதுதான், அதைப் பிடித்துக்கொள்ளப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முருகையாவையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"முருகையா, உங்க காலுல முள்ளு குத்துனா வலிக்குமா?"

"வலிக்கும்ங்க."

"எனக்கு வலிக்காது. ஆறு வருஷமாவே வலிக்காது. அந்தக் காலு செத்துப்போன காலு. சர்க்கரை வியாதில நரம்பு செத்துப்போகும். அன்னைக்கு உங்க வீட்டுல நடந்தது வரம் இல்ல, வியாதி. கல்லு சுட்டுச்சு, எனக்குத் தெரியல. அவ்வளவுதான்."

சரோஜா கட்டிலின் கால்மாட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு வாட வந்துச்சும்மா" என்றாள் என்னிடம். "தோலு கருகுற வாட. கண்ணத் தொறந்து பாத்தேன். காலு கல்லு மேல இருந்துச்சு. ஜெபத்துக்கு நடுவுல பேசுனா குத்தம்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஐயா ஆமென் சொல்லட்டும், சொல்லட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேம்மா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் தப்பு இல்லை என்று சொல்லத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்திருந்ததையும் நான் ஐந்து நாள் பார்க்காமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முருகையா கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க ஐயா" என்றார்.

"சொல்லியிருக்கணும்" என்றார் இவர்.

கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். முருகையா மேசையிலிருந்த தாளை எடுத்து நேராகப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. வார்டின் அந்தக் கோடிக்குப் போய் மிஸியிடம் சிங்களத்தில் பேசி ஒரு பேனா வாங்கி வந்து, இவர் விரல்களுக்குள் வைத்தார். இவர் படுத்தபடியே எழுத வேண்டியிருந்ததால் தாளுக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தார். தபால் ஆபீசில் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்ட மனுஷன், தன் பெயரை நடுவில் இரண்டு தடவை நிறுத்தி எழுதி முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காலை எடுத்தார்கள். நான் பெஞ்சில் இருந்தேன். சரோஜா என் பக்கத்தில் இருந்தாள். ஆலயத்தில் அன்று பழைய குடும்பங்கள் மட்டும் கூடிப் பாடிவிட்டுக் கலைந்தார்களாம். ஏழு குடும்பத்தில் ஒருவரும் போகவில்லை, அதற்கப்புறமும் போகவில்லை. ஆனால் வார்டுக்கு முறை தவறாமல் வந்தார்கள். கஞ்சி கொண்டுவந்தார்கள், அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள், மலம் அள்ளினார்கள். ஜெபம் பண்ணச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அவரும் பண்ணவில்லை.

சங்கத்திலிருந்து டிக்கெட் போட்டுவிட்டார்கள். மருத்துவச் சான்று வந்ததும் கிளம்ப வேண்டும். அதுவரை ஆலயத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். காலுறை ஜோடிகளில் ஒற்றையை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இருக்கிற காலைத் தினமும் இரண்டு தடவை பார்க்கிறேன்.

ஆப்பரேஷன் முடிந்த நாலாம் நாள் மதியம் பார்வை நேரத்தில் நடந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நான் போனபோது விழித்திருந்தார். கூச்சப்பட்டுக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காமல் சொன்னார்.

"எட்டி, சுண்டு விரல் இடுக்குல அரிக்கி. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

இடது பாதத்தில் கையை வைத்தேன்.

"அது இல்ல. வலது."

மிஸியிடம் ஓடினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, இப்படி வரும், வெட்டிய நரம்புக்குக் கால் போனது தெரியாது, பயப்படாதீங்க என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். இவருக்குத் தாங்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஆறு வருஷமாக முள் குத்தித் தெரியாத, கல் சுட்டுத் தெரியாத விரல்.

கட்டு முடிகிற இடத்துக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. பாதம் எதுவரை வரும் என்று கண்ணால் அளந்து, விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் விரிப்பைச் சொறிந்தேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார்.

கீழே நகர்த்தினேன்.

"ஆங், அங்கதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார். மணி அடிக்கும்வரை சொறிந்துகொண்டிருந்தேன்.